காயம் இல்லையென்றால் வழக்கும் இல்லையா?

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலை வேளையில் ஒரு தாய் எமது அறைவீட்டுக்கு வந்தார். மூன்று தடவை இடம்பெயர்ந்து, கடைசியாகக் கணவனின் தமையனுடைய காணியில் ஒரு கொட்டில் போட்டு இருந்த குடும்பம் அது. கணவன் தோட்டம் செய்தார். மனைவி நாற்று நடுகைக்கும் களை பிடுங்கவும் கூலிக்குப் போய்வந்தார்.

“சுவாமி, அவர் எனக்குக் கை நீட்டுறேல்லை. ஆனால் என்னாலை இனி ஏலாது” என்றார். அவருடைய அடையாள அட்டையைக் கணவன் பெட்டிக்குள் பூட்டி வைத்திருந்தார். கூலிக் காசை ஒவ்வொரு நாளும் எண்ணி வாங்கிக்கொள்வார். கிணற்றடிக்குப் போனாலும் கடைக்குப் போனாலும் சைக்கிளில் பின்னால் வருவார். இரவில் பிள்ளைகளுக்கு முன்னால் கூசக்கூடிய வார்த்தைகளால் ஏசுவார். சில இரவுகளில் மண்ணெண்ணெய்ப் போத்தலை அவருடைய பாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, “ஒரு நாளைக்கு விளங்கும்” என்று சொல்லிவிட்டுப் படுப்பார்.

நாம் கேட்டது ஒரேயொரு கேள்வி: “அடிச்சவரோ? காயம் ஏதும் இருக்கோ?” இல்லை என்றார். “அப்ப கொஞ்சம் பொறுத்துப் போ பிள்ளை, செபம் பண்ணு” என்று சொல்லி அனுப்பினோம். அதற்கு முதல் அவர் போயிருந்த பொலிஸ் நிலையத்திலும் இதே கேள்வியைத்தான் கேட்டார்களாம்.

சில மாதங்களின் பின்னர் அந்தத் தாய் பிள்ளைகளோடு இரவோடு இரவாகத் தன் தாய் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். உயிர் தப்பினார். அதில் எமக்கு எந்தப் பங்கும் இல்லை. பிற்பாடு சட்டத்தை எடுத்து வாசித்தபோதுதான், நாம் கேட்ட கேள்வியே பிழையானது என்பது விளங்கியது. சட்டம் முதலாவதாகக் கேட்பது காயத்தை அல்ல. அது எதைக் கேட்கிறது என்பதை எமது குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதனை எழுதுகின்றோம்.

காணி உறுதியும் சட்டச் சொல்லும்

காணி உறுதி எழுதும்போது நாற்புற எல்லைகளைக் குறிப்பிடுவார்கள். கிழக்கே ஒழுங்கை, வடக்கே இன்னாருடைய காணி என்று அது போகும். எல்லைக்குள் நிற்கும் பனை உங்களுடையது. ஒரு முழம் தள்ளி நிற்கும் பனை உங்களுடையதல்ல. இடம்பெயர்ந்து திரும்பி வந்து, பற்றை மூடிய காணியில் எல்லைக் கல்லைத் தேடியவர்களுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

சட்டத்தில் ஒரு சொல்லுக்குக் கொடுக்கப்படும் வரைவிலக்கணமும் அத்தகையதே. ‘வன்முறை’ என்று ஊரில் நாம் சொல்வது ஒன்று. சட்டம் அந்தச் சொல்லுக்குள் அடக்குவது இன்னொன்று. சில இடங்களில் சட்டத்தின் எல்லை நாம் நினைப்பதைவிட அகலமானது. வேறு சில இடங்களில் ஒடுக்கமானது. எல்லையைத் தெரியாதவர் தமக்குரியதையும் கேட்காமல் விட்டுவிடுவார்.

இலங்கையில் இவ்விடயத்துக்குரிய முக்கிய சட்டம் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமாகும். இது எல்லா இனத்தவருக்கும் மதத்தவருக்கும், ஆண் பெண் இருபாலாருக்கும் பொதுவானது. இதன் நான்கு எல்லைகளையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது எல்லை: என்ன செயல்?

இரண்டு வகையான செயல்களைச் சட்டம் வீட்டு வன்முறை என்கிறது. முதலாவது வகை, தண்டனைச் சட்டக்கோவையில் ஏற்கெனவே குற்றம் எனச் சொல்லப்பட்ட சில செயல்கள். மனித உடலுக்கு எதிரான குற்றங்களைக் கூறும் 16 ஆம் அத்தியாயம் முழுவதும் இதில் அடங்கும். பயமுறுத்திப் பணம் பொருள் பறித்தலும், குற்றமுறையான அச்சுறுத்தலும், இவற்றைச் செய்ய எத்தனித்தலும் இதில் அடங்கும்.

இங்கே சொற்களைக் கவனிக்க வேண்டும். தண்டனைச் சட்டக்கோவையில் ‘காயம்’ என்பதன் பொருள் இரத்தம் வருவதல்ல. ஒருவருக்கு உடல் நோவையோ நோயையோ பலவீனத்தையோ உண்டாக்கினால் அதுவே போதும். அடையாளம் விழாத ஒரு அறையும் சட்டத்தின் கண்ணில் காயமே. அது மட்டுமல்ல, இப்போதே அடிக்கப் போகிறான் என்று எதிரில் நிற்பவர் அஞ்சும்படி தடியைத் தூக்குவதும் கையை ஓங்குவதும், உடம்பில் படாவிட்டாலும் குற்றமே. வழியை மறித்து நிற்பதும் அறைக்குள் பூட்டி வைப்பதும் அதே அத்தியாயத்தில்தான் உள்ளன.

அச்சுறுத்தல் என்பதும் அகலமான சொல். உடலுக்கு மட்டுமன்றி, நற்பெயருக்கோ சொத்துக்கோ கேடு செய்வதாகப் பயமுறுத்துவதும் அதனுள் வரும். ஒருவர் அக்கறை கொண்ட பிள்ளைக்கோ தாய்க்கோ கேடு செய்வதாகச் சொல்வதும் அவ்வாறே. கொல்லுவேன், நெருப்பு வைப்பேன் என்ற அச்சுறுத்தலுக்குத் தண்டனைச் சட்டக்கோவை 7 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்க இடமளிக்கிறது. பாய்க்குப் பக்கத்தில் வைக்கப்பட்ட மண்ணெண்ணெய்ப் போத்தலை நாம் இந்தக் கண்ணோடு பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது வகை உளத் துன்புறுத்தல். கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்துகின்ற அல்லது அவமானப்படுத்துகின்ற நடத்தை ஒரு தொடராக நடைபெற்று, அது பாரதூரமானதாகவும் இருந்தால், சட்டம் அதனை வீட்டு வன்முறை என ஏற்கிறது. இங்கே எல்லைக் கற்கள் இரண்டு: ‘தொடராக’, ‘பாரதூரமான’. ஒரு நாள் சோறு குழைந்ததென்று ஏசியது இதில் அடங்காது. மாதக் கணக்காகப் பிள்ளைகளுக்கு முன்னால் இழிவுபடுத்தி, வெளியே போகவிடாமல் அடையாள அட்டையையும் பூட்டி வைத்தால், அதனை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக இடமுண்டு.

காசைப் பறித்து வைத்திருப்பதை, அதாவது பொருளாதாரத் துன்புறுத்தலை, எமது சட்டத்தின் வரைவிலக்கணம் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. இந்தியாவில் அதே 2005 இல் வந்த சட்டம் அதைத் தனியாகவே குறிப்பிடுகிறது. ஆயினும் பயமுறுத்திப் பறித்தால் அது முதலாவது வகைக்குள் வரும். தொடரான இழிவுபடுத்தலின் ஒரு பகுதியாக இருந்தால் இரண்டாவது வகைக்குள் அதனை எடுத்துச் சொல்லலாம்.

கணவன் மனைவியைப் பலவந்தமாக உறவுக்கு உட்படுத்துவது பற்றியும் தாய்மார் தனியாகக் கேட்பதுண்டு. 1995 ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, நீதிமன்றத்தின் மூலம் பிரிந்து வாழும் தம்பதியர் விடயத்தில் மட்டுமே அது பாலியல் வல்லுறவுக் குற்றமாகிறது. ஆனால் அவ்வேளையில் அடித்தல், நோவு உண்டாக்கல், அச்சுறுத்தல் நிகழ்ந்திருந்தால் அவை வீட்டு வன்முறையே. அவற்றைக் கூறிப் பாதுகாப்புக் கேட்க முடியும்.

இரண்டாவது எல்லை: யார் செய்தது?

‘வீட்டு வன்முறை’ என்றால் புருசன் பெண்சாதி சண்டை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சட்டத்தின் எல்லை அதைவிட அகலம். கணவன், மனைவி, விவாகரத்துப் பெற்ற முன்னாள் துணை ஆகியோருடன், திருமணமின்றிச் சேர்ந்து வாழ்பவரும் இதில் அடங்குவர். போர்க்காலத்தில் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயத்தில் அவசரமாகத் தாலி கட்டி, பதிவே செய்யாமல் வாழ்ந்துவரும் குடும்பங்கள் எம்மிடையே உண்டு. பதிவுத் துண்டு இல்லையென்பதால் பாதுகாப்பும் இல்லை என்று அவர்கள் நினைக்கத் தேவையில்லை.

தாய், தந்தை, பேரன், பேத்தி, மகன், மகள், சகோதரர், மாற்றாந்தாய், மாற்றாந்தந்தை, பெற்றோரின் சகோதரர், அவர்களின் பிள்ளைகள் ஆகியோரும் இந்தப் பட்டியலில் உள்ளனர். கணவனுடைய அல்லது மனைவியுடைய பக்கத்து உறவினரும் உள்ளனர். ஆகவே மாமியாரின் கொடுமையும், மதுபோதையில் வயோதிபத் தகப்பனை அடிக்கும் மகனின் செயலும், ஒரே கூரைக்குக் கீழ் நெருங்கி வாழும் வேளையில் சிறுமியிடம் தவறாக நடக்கும் சிற்றப்பனின் செயலும் சட்டத்தின் எல்லைக்குள்ளேயே வருகின்றன. உறவினர் வீட்டிலும் உறவினர் காணியிலும் தங்கி வாழ வேண்டியிருந்த எமது மக்களுக்கு இது முக்கியமான விடயம்.

மூன்றாவது எல்லை: எங்கே?

வீட்டுக்குள்ளே நடந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டுக்கு உள்ளேயோ வெளியேயோ நடந்திருக்கலாம். இருவருக்கும் இடையிலான தனிப்பட்ட உறவு காரணமாக அது எழுந்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. வயல் வரம்பிலே, சந்தையிலே, பஸ் தரிப்பிடத்திலே, பாடசாலை வாசலிலே நடந்தாலும் அது வீட்டு வன்முறைதான்.

எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்பதிலும் இடம்பெயர்ந்தோருக்கு ஒரு வசதி உண்டு. பாதிக்கப்பட்டவரோ எதிராளியோ நிரந்தரமாக அல்லது தற்காலிகமாக வசிக்கும் இடத்துக்குரிய நீதவான் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். சம்பவம் நடந்த இடத்துக்குரிய நீதவான் நீதிமன்றத்திலும் செய்யலாம். சொந்த ஊர் ஒரு மாவட்டம், இருப்பது இன்னொரு மாவட்டம் என்றாலும், இருக்கிற இடத்திலேயே நீதி கேட்க முடியும்.

நான்காவது எல்லை: எப்போது?

நடந்தது, நடந்துகொண்டிருப்பது, நடக்கக்கூடியது ஆகிய மூன்றுக்கும் இந்தச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கேட்கலாம். அணையில் வெடிப்புக் கண்டால் உடைக்கும் வரை எந்த விவசாயியும் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. போத்தலைக் கண்டவர் நெருப்பு விழும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்றே சட்டமும் சொல்கிறது. அந்தத் தாய்க்கு நாம் சொல்லியிருக்க வேண்டியதும் இதுவே.

பின்தொடர்ந்து வருதல்

இனி எல்லைக்கு வெளியே நிற்கும் ஒரு விடயத்தைப் பார்ப்போம். ஒரு பெண் போகுமிடமெல்லாம் பின்தொடர்வது, வேலைத்தலத்துக்கு முன்னால் காத்து நிற்பது, வேண்டாம் என்ற பின்னரும் ஓயாமல் தொலைபேசியில் அழைப்பது போன்ற செயல்களை இந்தியா 2013 இல் தனிக் குற்றமாக்கியது. பெண் தன் விருப்பமின்மையைத் தெளிவாகக் காட்டிய பின்னரும் ஆணொருவன் மீண்டும் மீண்டும் தொடர்வது என்பதே அதன் சாரம். தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்து திரும்பிய சிலர் இங்கும் அப்படி உண்டா என்று கேட்கிறார்கள். எமது தண்டனைச் சட்டக்கோவையில் அவ்வாறான தனிப் பெயருடைய குற்றம் இல்லை.

ஆகவே யார் பின்தொடர்கிறார் என்பதைப் பொறுத்தே வழி வேறுபடும். பின்தொடர்பவர் கணவன், முன்னாள் கணவன் அல்லது மேற்சொன்ன உறவினர் என்றால், வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மனுச் செய்யலாம். பாதுகாப்புக்கு ஆபத்து ஏற்படும் வகையில் பின்தொடரக் கூடாது என்று கட்டளையிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

பின்தொடர்பவன் உறவேதுமில்லாத அயலூர் இளைஞன் என்றால் இந்தச் சட்டம் அவனைத் தொடாது. ஆனால் வேறு வேலி உண்டு. சொல்லாலோ செயலாலோ பாலியல் ரீதியாகத் தொல்லை கொடுப்பது தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். மிரட்டினால் அச்சுறுத்தல் குற்றமாகும். வழி மறித்தால் அதுவும் குற்றமே. எனவே பொலிசில் முறையிடும்போது “பின்னால வாறான்” என்று மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. என்ன சொன்னான், எப்படி மறித்தான், எத்தனை நாள் வந்தான் என்பதைச் சொல்ல வேண்டும்.

நீதிமன்றம் என்ன செய்யும்?

பாதிக்கப்பட்டவர் தாமே மனுச் செய்யலாம். அவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தரும் செய்யலாம். பிள்ளைக்காகப் பெற்றோர், பாதுகாவலர், பிள்ளை யாருடன் வசிக்கிறதோ அவர் ஆகியோர் செய்யலாம். அவசரமென்றால் இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை கேட்க வேண்டும். அதனை நீதவான் உடனடியாகவே கவனத்தில் எடுக்க வேண்டும். விசாரணை 14 நாட்களுக்குள் நியமிக்கப்படும். விசாரணையின் பின் வழங்கப்படும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லுபடியாகும்.

வன்முறை செய்யக் கூடாது, வீட்டுக்கோ வேலைத்தலத்துக்கோ வரக் கூடாது, இருவரும் வாழ்ந்த வீட்டில் மனைவி இருப்பதைத் தடுக்கக் கூடாது என்றெல்லாம் கட்டளையிடலாம். இருவருக்கும் பொதுவான வளங்களைப் பாவிக்க விடாது தடுப்பதையும், மனைவி நடுத்தெருவில் நிற்கும் வகையில் குடியிருக்கும் வீட்டை விற்பதையும் ஈடு வைப்பதையும் நீதிமன்றம் நிறுத்தலாம். அவசரப் பண உதவி கொடுக்கும்படியும், ஆலோசனை பெறும்படியும் பணிக்கலாம்.

“அவரை மறியலில போட்டால் தோட்டத்தை ஆர் பாக்கிறது?” என்று ஒரு தாய் எம்மிடம் கேட்டார். நியாயமான கேள்வி. பாதுகாப்புக் கட்டளை ஒரு தண்டனை அல்ல. அது போடப்படும் வேலி. வேலியை வெட்டினால்தான், அதாவது கட்டளையை மீறினால்தான், 10,000 ரூபா வரை தண்டப்பணமோ ஒரு வருடம் வரை சிறைத்தண்டனையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். கட்டளை பெறுவதால் திருமணம் முறிவதும் இல்லை. சம்பந்தப்பட்டவர்களை இனங்காட்டும் வகையில் பெயர்களை அச்சிட்டு வெளியிடுவதையும் சட்டம் தடுத்துள்ளது.

திருச்சபை என்ன சொல்கிறது?

‘இறைவன் இணைத்ததை மனிதர் பிரிக்கலாமா?’ என்ற தயக்கம் எமது கத்தோலிக்கத் தாய்மாரைப் பல காலமாகக் கட்டிப்போட்டிருக்கிறது. கட்டிப்போட்டதில் எம்மைப் போன்ற குருக்களுக்கும் பங்குண்டு. ஆனால் 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு 1153 ஆம் இலக்கத்தில் சொல்வது வேறு. ஒருவர் தம் துணைக்கோ பிள்ளைகளுக்கோ உடலளவிலோ உள்ளத்தளவிலோ கடும் ஆபத்தை விளைவித்தால், மற்றவர் பிரிந்து செல்ல நியாயமான காரணம் உண்டு. தாமதம் ஆபத்தாகுமென்றால் ஆயரின் அனுமதிக்குக்கூடக் காத்திருக்கத் தேவையில்லை. திருத்தந்தை பிரான்சிஸ் 2016 இல் எழுதிய ‘அன்பின் மகிழ்வு’ என்னும் மடலும், வலுக்குறைந்த துணையையும் சிறு பிள்ளைகளையும் காப்பாற்றுவதற்குப் பிரிவு ஒழுக்க ரீதியில் அவசியமாகவே ஆகலாம் என்று கூறுகிறது. பொறுமை புண்ணியம்தான். ஆபத்துக்குள் ஒருவரைத் திருப்பி அனுப்புவது பொறுமையைக் கற்பிப்பதாகாது.

நாம் செய்யக்கூடியவை

2019 ஆம் ஆண்டு தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நாடளாவிய ஆய்வொன்றைச் செய்தது. துணையோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர், வாழ்நாளில் துணையின் கையால் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்ததாக அது காட்டியது. எமது ஊர்களிலும் அத்தகையவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியவை சில.

ஒன்று: நடந்ததைத் திகதியோடு ஒரு கொப்பியில் குறித்து வைத்தல். ‘தொடராக’ என்ற சொல்லுக்கு அதுவே துணை. எழுதி வீட்டில் வைக்கப் பயமென்றால், நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி அவரைக் குறிக்கச் செய்யலாம்.

இரண்டு: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரங்களின் பிரதிகளை வேறொரு வீட்டில் வைத்தல்.

மூன்று: பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவில் முறைப்பாட்டைப் பதியச் செய்து, அதன் இலக்கத்தைக் கேட்டு வாங்குதல். ‘சமாதானமாய்ப் போங்கோ’ என்று திருப்பி அனுப்பினால், நேராக நீதவான் நீதிமன்றத்துக்குப் போக உரிமை உண்டு. வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் வழிகாட்டுவார். பெண்களுக்கான உதவித் தொலைபேசி 1938, சிறுவர்களுக்கானது 1929.

நான்கு: இது சங்கக்காரருக்கும் விதானைமாருக்கும் குருக்களுக்கும் உரியது. வீட்டில் பயத்தோடு வாழும் ஒருவர் உங்கள் படலையைத் திறந்து வந்தால், காயத்தைத் தேடாதீர்கள். ‘என்ன நடந்தது? ஆர் செய்தது? எங்கை நடந்தது? இன்னும் நடக்கும் எண்டு பயமோ?’ என்று கேளுங்கள். அந்த நான்கு கேள்விகளும் சட்டத்தின் நான்கு எல்லைகள்.

அன்று வந்த தாய் இப்போது தன் தாயின் காணியில் கத்தரியும் மிளகாயும் வைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கிறார். பல மாதங்களின் பின்னர் அவரைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டோம். “சுவாமி, உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிஞ்சதை இனி வாற ஆக்களுக்குச் சொல்லுங்கோ” என்றார். அவர் சொன்னபடியே இதனை எழுதியுள்ளோம். வாசித்தவர்கள் இந்தத் தாளை மடித்து வைத்துவிடாமல், தேவைப்படும் ஒருவருடைய கையில் கொடுக்குமாறு வேண்டிக்கொள்கின்றோம்.